தெற்கே யாருமில்லை

பைலிச் சேட்டனைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். புல்பள்ளிக்கு மேலே காட்டை ஒட்டிய எங்கள் வரிசையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தலுக்கு மூங்கில் வெட்டுவது அவர்தான். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பதும் அவர்தான். கஞ்சத்தனம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை வெயிலில் காயவைத்து இன்னொரு வாரம் ஓட்டுகிற மனுஷன். அதைச் சொல்லித் திட்டித் திட்டியே அவர் பெண்டாட்டி ஏலிக்குட்டிச் சேச்சிக்குத் தலை நரைத்துவிட்டது.

அவருக்கு மூன்று ஏக்கர். காப்பி, மிளகு, வீட்டைச் சுற்றி நேந்திரன் வாழை. கிழக்கே காடு, வடக்கே ரோடு. தெற்கே, ஒரு சீமைக்கொன்றை வேலிக்கு அந்தப் பக்கம், அச்சப்பனின் தோட்டம். அச்சப்பன் குறிச்சியர், அந்த மலையின் ஆதிகுடி. அவருடைய ஆட்கள் எத்தனை தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பைலிச் சேட்டனின் அப்பன் கீழே பாலா ஊரிலிருந்து மலையேறி வந்தபோது முதல் குடிசைக்குக் கால் நட்டுக் கொடுத்தது அச்சப்பனின் அப்பன்தான். அப்புறம் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடம், "அங்க யாருமே இல்ல, வெறும் காடு, தைரியமா வாங்க" என்று பைலிச் சேட்டனின் அப்பன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

"அப்ப உங்கப்பனுக்குக் கால் நட்டுக் குடுத்தது கொரங்கா மாப்ளே?" என்று அச்சப்பன் கேட்பார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

வாழை குலை தள்ளிவிட்டால் யானை வரும். அதற்காக இரண்டு பேரும் அவரவர் தோட்டத்தில் பரண் கட்டிக் காவல் கிடப்பார்கள். ஒருவர் "ஹூஓய்" என்று குரல் கொடுப்பார், மற்றவர் பதில் குரல் கொடுப்பார். பதில் வரவில்லை என்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் வேலியைத் தாண்டிப் போகும். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான்.

போன வருஷம் அயர்லாந்தில் இருக்கிற மகன் போனில் கத்தினான். "அப்பச்சா, இந்த வயசுல பரண்ல ஏறி விழுந்து வச்சா யாரு பாக்குறது? பணம் அனுப்புறேன். ஆளு, மிருகம் எது வந்தாலும் லைட்டு தானா எரியுற சென்சார் இருக்கு. போன்லயும் மணி அடிக்கும். போய் நல்லதா வாங்கிப் போடுங்க."

பைலிச் சேட்டன் பத்தேரிக்குப் போனார். அங்கே அசைனார் இக்காவின் எலக்ட்ரிக் கடை. இக்காவிடம் ஒரு பொருள் வாங்கப் போனால் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனது போல்தான். நாய் உண்டா, களம் எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன மரம், எல்லாம் சொன்னால்தான் பெட்டியையே கண்ணில் காட்டுவார்.

"இது உடம்புச் சூட்டைப் பாக்குறது" என்று உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "குறுக்கால எது போனாலும் பிடிச்சிரும். நேரா அது மூஞ்சியப் பாத்து மெள்ள நடந்து வந்தா மட்டும் கொஞ்சம் ஏமாறும். காப்பி காயுற களத்தப் பாத்து வச்சிராதீங்க, வெயில்ல காஞ்ச சிமெண்ட்டு சூட்டுக்கே மணி அடிச்சிட்டுக் கெடக்கும். ஆள் ஒசரத்துக்கு மேல, இலை ஆடாத எடமாப் பாத்து அடிக்கணும்."

"இது என்ன, கம்பமா?"

"ஜோடிக் கம்பம். இதுலேருந்து அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு கதிர் ஓடும். ரெண்டையும் சேத்து மறைச்சாத்தான் அடிக்கும், பறவைக்கும் இலைக்கும் அடிக்காது. காட்டோரமா நட்டா, யானை உள்ள கால வைக்கும்போதே வெளிச்சம் வரும், வந்த வழியே திரும்பிரும். இதுதான் நல்லது. ஆனா உங்க தோட்டத்துக்கு மட்டும் நட்டா பக்கத்துல புகுந்து வந்துரும். பக்கத்துக்காரரையும் சேத்துக்கிட்டு ரெண்டு பேருமாப் போடுங்க சேட்டா."

பைலிச் சேட்டன் மனசுக்குள் அச்சப்பனின் மடியைத் தடவிப் பார்த்தார். அங்கே என்ன இருக்கும்? மகளை நர்சிங் படிக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறவர். அப்படியென்றால் மொத்தச் செலவும் தன் தலையில். என் மகன் காசில் அவன் வாழைக்குக் காவலா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடின நினைப்பைத் துரத்திவிட்டிருக்கலாம். உட்காரச் சொல்லி மணை போட்டார் மனுஷன்.

"பொட்டியே போதும் இக்கா. வீட்டச் சுத்திப் போட்டுக்கறேன்."

அசைனார் அட்டைப்பெட்டி மூடி ஒன்றைத் திருப்பி, வீட்டைக் கட்டம் போட்டு வரைந்தார். "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வெளிச்சத்தக் கண்டா யானை மறைஞ்சா போயிரும்? திரும்பும், அவ்வளவுதான். நாலு பக்கமும் வெளிச்சம் அடிச்சா மெரண்டு வீட்டு மேலயே ஏறும். ஒரு பக்கம் இருட்டா விட்டே ஆகணும். எந்தப் பக்கம் விடலாம்?"

"கிழக்க வாழை நிக்குது. அங்க வெளிச்சம் வேணும். மேக்க மாட்டுக்கொட்டாய். வடக்க ரோடு, ஆளு நடமாட்டம்."

"தெக்க?"

"தெக்க யாரும் இல்ல. தரிசு."

வாய் தவறி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தவறியெல்லாம் வரவில்லை. அசைனார் தெற்குப் பக்கத்தில் பேனாவால் கோடு கோடாக அடித்து இருட்டாக்கினார். பைலிச் சேட்டன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பெட்டிகள் வந்தன, விளக்குகள் வந்தன, பைலிச் சேட்டன் பரணிலிருந்து இறங்கிக் கட்டிலில் படுத்தார். அச்சப்பன் தன் பரணிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. மறுநாள் வேலியோரம் வந்து, "என்ன மாப்ளே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார்.

"இனிமே மெஷின் பாத்துக்கும் அச்சப்பா."

"உனக்கு மெஷின் பாத்துக்கும். எனக்கு யாரு பதில் சொல்றது, அதுவும் மெஷினா?" என்று சிரித்தார். இன்னும் சில நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நிறுத்திவிட்டார்.

ஓணத்துக்குக் குலை வெட்ட ஒரு வாரம் இருக்கும்போது யானைகள் வந்தன. போன் மணி அடித்தது, முற்றம் பகலாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். சொன்னது சொன்னபடி நடந்தது. வெளிச்சத்தில் திகைத்து நின்ற பெரியது ஒன்று மெதுவாகத் தெற்கே திரும்ப, மற்றவையும் திரும்பின. ஒரு குரல், ஒரே ஒரு "ஹூஓய்" கொடுத்திருக்கலாம். ஜன்னல் கொக்கியில் கை இருந்தது, வாய் திறக்கவில்லை. கூப்பிட்டால் மிரண்டு இந்தப் பக்கமே திரும்பிவிட்டால்? இவ்வளவுதான் அப்போது தோன்றியது.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் அச்சப்பனின் தோட்டத்தில் நிற்கிற வாழை என்று ஒன்றுகூட இல்லை. பரணின் கால் முறிந்து கூரை மண்ணில் கிடந்தது. மகளின் அந்த வருஷப் படிப்பு முழுக்க அந்தக் குலைகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த தண்டு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார் அச்சப்பன். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன் வெளிச்சத்தப் பாத்துத்தான் மாப்ளே எறங்கி ஓடினேன். இல்லன்னா பரணோட நானும் போயிருப்பேன். நீ நல்லா இருக்கணும்."

அடப் பாவி, ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாரே! அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தட்டில் ஆறிப்போயின.

"கறியில உப்பு இல்லையா?" என்றார் ஏலிக்குட்டிச் சேச்சி.

"இருக்கு."

"அப்ப யாருக்குப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க?"

ஓணத்துக்குத் தன் வாழையில் நல்ல குலையாக ஒன்றை வெட்டித் தோளில் சுமந்து அச்சப்பன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். "இந்த வருஷம் உன் காய் நல்லா தெரண்டிருக்கு மாப்ளே" என்று அச்சப்பன் சீப்பைத் தடவிப் பார்த்தார். அதில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் கள்ளு குடித்ததைச் சொன்னார், பெண்டாட்டியை ஏசியதைச் சொன்னார், வெள்ளிக்கிழமை விரதத்தை முறித்ததைக்கூடச் சொன்னார். பாதிரி அச்சனிடம் தெற்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாலை மங்கினால் இன்னொரு வம்பு. மாட்டுக்கு வைக்கோல் போட வெளியே கால் வைத்தால் போதும், படக்கென்று விளக்கு அவர் மேலேயே அடிக்கும். ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப் போடும். கடையில் கேட்டது ஞாபகம் வந்தது. பெட்டியின் மூஞ்சியையே நேராகப் பார்த்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்து பார்த்தார். எரியவில்லை. அன்றிலிருந்து சொந்த முற்றத்தில் அப்படித்தான் நடந்தார்.

அப்புறம் ஒரு நாள் அச்சப்பன் வந்தார். "கன்னுக்குட்டிய வித்துட்டேன் மாப்ளே. நானும் உன்ன மாதிரி வெளிச்சம் போடப் போறேன். நீ வந்து பாத்து எடுத்துக் குடு. எனக்கு இந்த எழவெல்லாம் என்ன தெரியும்?"

பைலிச் சேட்டன் அவசரமாக வேறு ஊரைக் காட்டினார். "கல்பற்றாவுல வெல கொறவுங்கறாங்க அச்சப்பா."

"நீ வாங்குன கடை எது?"

"பத்தேரி. ஆனா அந்த ஆளு வளவளன்னு பேசுவான்."

"பேசட்டுமே. பேசுறவன்தான் நல்லாச் சொல்லித் தருவான். கெளம்பு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பைலிச் சேட்டன் ஒரே வேண்டுதல்தான். கடை பூட்டியிருக்க வேண்டும், அல்லது அசைனாருக்கு மறந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை, இப்போதே சொல்லிவிடலாம் என்று திரும்பினார். அச்சப்பன் மடியில் பணத்தைப் பொத்திக்கொண்டு, மகள் போனில் என்ன சொன்னாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பைலிச் சேட்டன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடை திறந்திருந்தது.

"வாங்க சேட்டா! பொட்டி எப்படி? வந்ததா யானை?" என்று அசைனார் எழுந்தார்.

"வந்துச்சு இக்கா, வந்துச்சு. அத்தனையும் திரும்பிருச்சு. நம்ம பொருள் லேசுப்பட்டதா?" அச்சப்பன்தான் பதில் சொன்னார், தன் பொருள் போலப் பெருமையோடு. "எனக்கும் அதே போடணும்."

"பக்கத்துத் தோட்டத்துக்கும் சேத்துக் காட்டோரமா நடுற கம்பமும் இருக்கு, யானை வந்த வழியே திரும்பிரும்" என்று சொல்லிக்கொண்டே அசைனார் அட்டை மூடியை எடுத்துத் திருப்பினார். "உங்க தோட்டம் எங்க?"

"இவரு தோட்டத்துக்குத் தெக்க. ஒட்டினாப்ல."

பேனா நின்றது. அசைனார் நிமிர்ந்து பைலிச் சேட்டனைப் பார்த்தார். "தெக்கயா? தெக்க யாரும் இல்ல, தரிசுன்னுல்ல சொன்னீங்க சேட்டா? அதக் கேட்டுத்தான அந்தப் பக்கம் இருட்டா விடச் சொன்னேன்..." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

அச்சப்பன் திரும்பவில்லை. மேஜை மேல் கிடந்த அட்டையையே பார்த்தார். வாழையைப் பார்க்கிறாரா, பரணைப் பார்க்கிறாரா, தன் அப்பன் நட்டுக் கொடுத்த காலைப் பார்க்கிறாரா, யாருக்குத் தெரியும்?

"அச்சப்பா, அது வந்து..." என்றார் பைலிச் சேட்டன்.

அசைனார் பேனாவை மறுபடி அட்டையின் மேல் கொண்டுவந்தார். எதையாவது பேசி அந்த நிமிஷத்தைத் தாண்ட வேண்டுமே என்று, "உங்களுக்கு... உங்களுக்கு எந்தப் பக்கம் இருட்டா விடணும்? வடக்கயா?" என்று கேட்டார்.

வடக்கே பைலிச் சேட்டனின் வீடு. அவருடைய வாழை, அவருடைய மாடு, அடுப்படியில் ஏலிக்குட்டி.

அச்சப்பன் மடியிலிருந்து கன்றுக்குட்டிப் பணத்தை எடுத்து அட்டையின் மேல் வைத்தார்.

"வேண்டாம் இக்கா. காட்டோரமா நடுற அந்தக் கம்பமே குடுங்க, இதுக்கு எத்தன வருதோ அத்தன. வடக்க ஆளு இருக்கு."