அண்ணிக்குச் சேரவேண்டிய ஒரு மதிப்பெண்

அன்று வகுப்பில் முதலில் சிரித்தது நான்தான். கடலூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடந்த பயிற்சி வகுப்பு அது. அரசுக் கல்லூரி ஆங்கில விரிவுரையாளர் தேர்வுக்காக நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். சோக நாடகம் பார்ப்பவர் மனதில் இரக்கமும் அச்சமும் பொங்கி வடிந்து கடைசியில் ஒரு தெளிவு வருமே, அதற்கு விமர்சனத்தில் என்ன பெயர் என்று ஆசிரியர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்திலிருந்த அண்ணி எழுந்து, "கதர்சிஸ் சார்" என்றார். கதார்சிஸ் என்று நீட்டவேண்டிய சொல் அவர் வாயில் கதர்த் துணியாகிவிட்டது. நான் களுக்கென்று சிரித்தேன். சொந்த நாத்தனாரே சிரித்த பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? அறையே சிரித்தது. அண்ணி உட்காரவில்லை. "சாவு வூட்டுக்குப் போயி நல்லா அழுதுட்டு வந்து தலைக்குத் தண்ணி ஊத்துனா மனசு லேசாவுதுல்ல சார், அது மாதிரி" என்று விளக்கத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இதவிடத் தெளிவா எனக்கே சொல்ல வராதும்மா" என்றார்.

அண்ணி அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில எம்.ஏ. முடித்திருந்தார். நான் கடலூரிலேயே கான்வென்ட்டில் வளர்ந்தவள். அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் வீட்டு வழக்கப்படி அவர் என்னைப் பாப்பா என்பார், நான் அவரை வாங்க போங்க என்பேன். தேர்வு அறிவிப்பு வந்ததும் அண்ணன் இரண்டு விண்ணப்பம் போடச் சொன்னான். பாஸாகப் போவது நான், துணைக்கு வரப்போவது அண்ணி என்று அம்மாவும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அண்ணி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஓர் ஆண்டு சேர்ந்து படித்தோம். அண்ணன் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனதும் அண்ணி நான்கு வயது மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்காருவார். பள்ளி முடிந்து நான் வருவதற்குள் ஒரு பாடத்தை முழுசாகப் படித்து, அதை என்னிடம் எங்கள் பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டுவார். எனக்கு இலக்கணச் சொற்களும் கோட்பாடுகளும் மனப்பாடமாக இருந்தன. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறுவேன். அண்ணிக்குப் பெயர்கள் நாக்கில் புரளாது, ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்வார். நான் உச்சரிப்பைத் திருத்துவேன். அவர் என் புரிதலைத் திருத்துவார். என் உதவி மட்டும் உதவி என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம் இருந்தது.

தேர்வு முடிந்து சில வாரங்களில் தற்காலிக விடைப் பட்டியல் வந்தது. நேர்முகத்துக்கு அழைக்க ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருந்தார்கள். இருவர் விடைத்தாள்களையும் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். நான் சரியாக அந்த எல்லைக்கோட்டில் நின்றேன். அண்ணி ஒரே ஒரு மதிப்பெண் கீழே. அம்மா உடனே எனக்குச் சர்க்கரை எடுத்து வாயில் போட்டாள். அண்ணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மறுபடி பட்டியலை எடுத்து, ஒரு கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

அரசரைக் கிரீடம் என்ற சொல்லால் குறித்தால் அது எந்த அணி என்பதே கேள்வி. ஒரு பொருளின் உறுப்பைச் சொல்லி முழுப் பொருளையும் குறிப்பது சினெக்டகி. தொடர்புள்ள வேறொன்றைச் சொல்லிக் குறிப்பது மெட்டானிமி. பட்டியல் சினெக்டகி என்றது. நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். அண்ணி மெட்டானிமி என்று எழுதியிருந்தார். "தமிழ்ல ஆகுபெயர் படிச்சியே பாப்பா. தலைக்கு ஒரு பழம் குடுன்னா தல உறுப்பு, அது சினையாகுபெயர். கிரீடம் ராஜாவோட உறுப்பா? கழட்டி வெச்சுட்டுத் தூங்கப் போவாருல்ல?" என்றார். கான்வென்ட்டில் நான் ஆகுபெயரைத் தேர்வோடு மறந்திருந்தேன். நான் என் விடைத்தாளை மெல்ல மடித்து வைத்தேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி.

விடை தவறென்று ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். ஆனால் கைடுகளையோ இணையத்தையோ காட்ட முடியாது. தரமான அச்சு நூலின் பக்கமும் தலைப்புப் பக்கமும் படமாக வேண்டும். எம்.ஏ. படித்தபோது கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய கலைச்சொல் அகராதியில் இதே கிரீடத்தை உதாரணமாகப் பார்த்த ஞாபகம் அண்ணிக்கு இருந்தது. புறப்பட இருந்த அன்று காலையில் மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அம்மை. பிள்ளையை விட்டு அசைய முடியாது. அண்ணனுக்கு விடுப்பில்லை. "நீ போயிட்டு வரியா பாப்பா?" என்றார் அண்ணி. விடை மாறினால் அவர் கோட்டைத் தொடுவார், நான் ஒன்று இழந்து கீழே போவேன். இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை என்றே நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பேருந்தில் ஏறினேன்.

நூலகத்தில் அண்ணி சொன்ன அலமாரியில் அந்த நூல் இருந்தது. முதுகட்டை கிழிந்து, ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். எனக்குத் தேட வேலையே இருக்கவில்லை. மெட்டானிமி என்ற தலைப்பின் கீழே இரண்டாவது வரியிலேயே கிரீடம் இருந்தது. நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி தாளைப் புரட்டப் பார்த்தது, கையால் அழுத்திக்கொண்டேன். பள்ளியில் தலைமையாசிரியை முன்கூட்டியே வாழ்த்தியிருந்தார். தெருவில் அம்மா சொல்லி முடித்திருந்தாள். கடைசியில் கைப்பேசியை எடுத்து அந்தப் பக்கத்தையும் தலைப்புப் பக்கத்தையும் படம் எடுத்தேன். எடுத்ததை யாருக்கும் அனுப்பவில்லை.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், "புஸ்தகம் அங்க இல்ல அண்ணி" என்றேன். பிள்ளைக்கு வேப்பிலைக் கொத்தால் வீசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு வீசத் தொடங்கினார். "சரி விடு. வெயில்ல போயிட்டு வந்ததே பெருசு. சாப்டியா?" என்றார். நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவரே தொடர்ந்தார். "ஒரு விதத்துல நல்லதுதான் பாப்பா. அத மாத்துனா உனக்கு ஒண்ணு போயிடும்ல. ஒரே வூட்டுல ரெண்டு பேரும் ஒரு மார்க்குக்குப் போட்டி போட்டு நிக்க வேணாம். நீயாவது போ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேவா என்ன அனுப்புனீங்க?"

"பின்ன? எனக்கும் கூட்டத் தெரியும்ல" என்று சிரித்தார். "சரியான விட சரியான விடதான. உனக்கு நட்டம்னு கிரீடத்த ராஜா தலையிலயே ஒட்டிட முடியுமா? கெடைச்சா போடலாம், கெடைக்கலன்னா அது உனக்குன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்துப் படத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "தலைப்புப் பக்கத்தையும் எடுத்தியா?" என்று கேட்டார். எடுத்தேன் என்று தலையாட்டினேன். "அப்ப அனுப்பறதுக்குத்தான் எடுத்திருக்க. வழியில கொஞ்சம் மனசு மாறிடுச்சி, இப்ப திரும்பிடுச்சி. கண்ணத் தொடச்சிக்க" என்றார். ஆட்சேபப் படிவத்தை நானே நிரப்பி, அண்ணியின் பதிவெண்ணைப் போட்டு, இரண்டு படங்களையும் ஏற்றி அனுப்பினேன். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இறுதி விடைப் பட்டியல் ஒரு மதிய வேளையில் வந்தது. மெட்டானிமி. நான் பள்ளியிலிருந்தே அண்ணியை அழைத்து, "ஒத்துக்கிட்டாங்க அண்ணி, நீங்க பாஸ்" என்றேன். எதிர்முனையில் விசும்பல் கேட்டது. நான் தோற்றுப்போயிருந்தேன், ஆனால் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சின்னப் பெண்ணைப் போலக் குதித்துக்கொண்டிருந்தேன் என்று அன்று என்னுடன் இருந்த ஆசிரியைகள் இன்றும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு விஷயம் புரிய இரண்டு நாளானது. புரிந்த பிறகு மருமகளைப் பற்றித் தெரு முழுக்க மறுபடி முதலிலிருந்து சொல்லிவிட்டு வந்தாள்.

நேர்முகத்தில் அண்ணி தனக்கு வரும் ஆங்கிலத்திலேயே பேசினார். தேர்வாளர் ஒருவர் முகம் சுளித்ததாகவும், நடுவில் இருந்த பெண் பேராசிரியர் மட்டும் கேள்விக்குமேல் கேள்வியாகக் கேட்டுக் கடைசியில் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டதாகவும் வந்து சொன்னார். சிதம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. சேர்ந்த நாளில் குடும்பமே போனோம். அண்ணாகிராமத்திலிருந்து அவர் அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். பதிவேட்டில் அண்ணி கையெழுத்துப் போட்டபோது அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அதன் பிறகு மறுபடி அறிவிப்பு வந்தது. இம்முறை நான் மனப்பாடம் செய்யவில்லை. அண்ணியின் வழியில், ஒவ்வொன்றையும் எங்கள் பேச்சில் எனக்கே சொல்லிப் பார்த்துப் படித்தேன். கல்லூரியிலிருந்து களைத்து வந்தாலும் அவர் என் எதிரே உட்கார்ந்து கேட்பார். "புரியல, இன்னொருக்கா சொல்லு" என்பார். அவருக்குப் புரியாமலில்லை, எனக்குத்தான் இன்னும் புரிந்திருக்காது. இன்று நானும் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். பேசத் தெரிந்தவர்களுக்கெல்லாம் புரிந்திருக்கும் என்று இப்போது நான் நம்புவதில்லை.

முடிவு வந்த அன்று நான் பள்ளியில் வகுப்பில் இருந்தேன். எனக்குமுன் அண்ணி பார்த்துவிட்டார். கைப்பேசியை எடுத்ததும் மூச்சிரைக்க அவர் குரல்: "பாப்பா, பாஸு! ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு மார்க்கு ஜாஸ்தி! இனிமே எவன் எந்த விடைய மாத்துனாலும் உன்ன ஒண்ணும் பண்ண முடியாது!" "எங்க இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். "கிளாஸ்லதான். புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், இரு" என்றார். அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிச்சாவரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்து படிக்கும், நான் அதுவரை பார்த்தேயிராத அறுபது பெண்கள் எனக்காகக் கைதட்டினார்கள்.