நானூற்றுப் பதினேழு, கேட்டுக்கு வரவும்

மாலைச் சங்கு ஊதி முடிந்ததும் செங்கொடி மைக்கைக் கையில் எடுப்பாள். "டோக்கன் நானூத்திப் பதினேழு, கிருஷ்ணப்பன், கேட்டுக்கு வரவும்." மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் ஒன்பது டேங்குகளின் இரும்புச் சுவர்களில் மோதி, சற்றுத் தடித்த குரலில் திரும்பி வரும். மூன்றாவது முறைக்குப் பிறகு உள்ளங்கையை உயர்த்துவாள். அறையில் யாரும் பேசக்கூடாது. "பதில் வருதான்னு கேக்க வாணாமா?" என்பாள். பதினோரு மாதமாக வரவில்லை.

திருவொற்றியூர்க் கடலோரத்தில், மசிபோல் கறுத்த ஃபர்னஸ் ஆயிலைத் தேக்கிவைக்கும் கிடங்கு அது. 2001இல் அதன் கேட் அறைக் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில் இருந்தது. எம்.கே.பி. நகரிலிருந்து வருகிறவள், வயது முப்பத்திரண்டு. அவளிடம் யாரும் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லித் தப்ப முடியாது. "எது எதுக்குச் சமம்? காட்டு" என்பாள். டீக்கடையில் இரண்டு கிளாஸை அருகருகே வைத்து, குனிந்து அளவு பார்த்துத்தான் ஒன்றை எடுப்பாள். வீட்டுக்குத் திரும்புவதற்கும் ஒரு விதி உண்டு. "லேட்டும் ஆயி, பஸ்ஸும் வரலன்னாத்தான் ஷேர் ஆட்டோ. பஸ் வராம, லேட்டும் ஆவலன்னா நடராஜா சர்வீஸ்."

உள்ளே இருப்பவர்களைப் பட்டியலிடும் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமை அவளே எழுதினாள். பிரமாதம் என்று சொல்வதற்கில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும். ஆள் உள்ளே வந்திருக்க வேண்டும், வெளியே போயிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே உண்மையாக வேண்டும் என்று நடுவில் 'ஆண்ட்' போடவேண்டிய இடத்தில் முதல் நாள் 'ஆர்' போட்டுவிட்டாள். ஏதாவது ஒன்று உண்மையானால் போதும் என்று மெஷின் எடுத்துக்கொண்டது. வராதவனும் வெளியே போகாதவன்தானே? லீவில் இருந்தவர்கள், ரிடையர் ஆனவர்கள், மூன்று வருடம் முன்பு செத்துப்போன இரண்டு பேர், எல்லோரும் உள்ளே இருப்பதாகப் பட்டியல் வந்து விழுந்தது.

காவலாளி வெள்ளத்துரை அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "இன்னா மே, எமன் வூட்டு ரிஜிஸ்டர பிரிண்ட் போட்டுக்கினு கீற?"

திருத்திய பிறகு, மாலைதோறும் பட்டியல் ஒழுங்காகக் காலியானது, கிருஷ்ணப்பன் வந்த செவ்வாய்க்கிழமை வரை. ஒன்பதாம் டேங்கின் அடியில் படிந்த கசடை வழிக்க வந்த கான்ட்ராக்ட் ஆள். உள்ளே வந்தது எட்டு பத்து. வெளியே போன நேரம் இருக்கவேண்டிய கட்டம் காலி. சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான் என்றார் கான்ட்ராக்டர். மறுநாள் காலை டேங்கில் எண்ணெய் ஏற்றினார்கள். அதன் பிறகு அதை அடிவரை வடித்ததே இல்லை. சங்குக்குப் பிறகும் பட்டியலில் இருப்பவரை மூன்று முறை அழைக்க வேண்டும் என்பது கேட்டின் விதி. செங்கொடி அழைத்தாள்.

"எட்டு டேங்கும் அவன் பேர ஒடனே திருப்பிச் சொல்லிடுது. ஒம்போது மட்டும் யோசிச்சிச் சொல்லுது மே" என்றார் வெள்ளத்துரை ஒருநாள். செங்கொடி சிரித்தாள். பிறகு வாட்ச்சை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நோட்டில் குறித்தாள். எட்டாவது டேங்கின் எதிரொலியைவிட ஒன்பதாவதுக்கு நேரம் அதிகமா, சமமா? நோட்டை மூடிவைத்தாள். விடையை ஒருவரிடமும் சொல்லவில்லை.

கிருஷ்ணப்பனின் மனைவி கன்னியம்மா, செவ்வாய்தோறும் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இன்னும் உள்ளதான் கீறாரா?"

"வந்துகீறாரு. போவல. உள்ளதான்."

"அப்போ அந்த ஒம்போத ஒரு தபா அடிவரிக்கும் காலி பண்ணச் சொல்லு தாயி."

அதைச் சொல்ல செங்கொடிக்கு அதிகாரம் இல்லை. பாதுகாப்புச் சோதனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிகாரிக்குத்தான் உண்டு. அவர் வரவிருந்த செவ்வாயன்று காலையில், ஆட்கள் உள்ளே வரும் முன்பே, மேனேஜர் அசோகன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "வந்த தேதி இன்னிக்குத் தேதிக்குச் சமம்னு இன்னொரு ஆண்ட் சேரும்மா. ஒரே வரி. உன்னப் பர்மனென்ட் பண்ற பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

அவள் அடித்தாள். உள்ளே: 0.

"பாத்தியா, போயிட்டான்."

"அவரு போவல சார். நாமதான் கேள்விய மாத்திக்கினோம்."

மாலையில் அதிகாரி குனிந்து திரையைப் பார்த்தார். "உள்ள யாரும் இல்லையே?"

"ஜீரோ சார்" என்றார் அசோகன். ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மா வந்து நின்றிருந்தாள். அவள் கேட்கும் முன்பே சங்கு ஊதியது. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

செங்கொடி மைக்கை எடுத்தாள். "டோக்கன் நானூத்திப் பதினேழு, கிருஷ்ணப்பன், கேட்டுக்கு வரவும்."

அதிகாரி திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "யாரும்மா அது?"

அவள் இரண்டாவது முறை அழைத்தாள். அசோகனின் கை மைக் ஸ்விட்ச்சை நோக்கி நீண்டது. அது போய்ச் சேருவதற்குள் மூன்றாவது முறையும் அழைத்து முடித்து, உள்ளங்கையை உயர்த்தினாள். அறை அடங்கியது. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

எட்டு டேங்குகளும் பெயரை உடனே சொல்லி முடித்தன. செங்கொடி கையை இறக்கவில்லை.