கட்டை இருந்தது என்று சொன்னேன்

ஐம்பதுகளின் கடைசியில் நான் மீமிசல் பக்கத்து உப்பளத்திலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அக்காவைக் கட்டிய மச்சான் அதே முதலாளியிடம் மெக்கானிக். மூன்று லாரிகள் இருந்தன. லோடு ஏறி முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் அடியில் புகுந்து பார்த்து, "போகலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டி நகரும்.

உப்பு லாரிக்கு அந்தச் சோதனை இல்லாமல் தீராது. மூட்டையிலிருந்து கசியும் நீர் பலகை இடுக்கில் இறங்கி இரும்பைத் தின்றுவிடும். போன வாரம் மாட்டிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். புதிதாக உப்பு எடுப்பது நின்று, கீற்றுப் போட்டு மூடிய அம்பாரத்திலிருந்து அள்ளுவார்கள். உப்பும் ஈரம், தரையும் ஈரம்.

மச்சான் அடியில் போகுமுன் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார். வண்டியில் யாரும் இருக்கக் கூடாது. பின் சக்கரம் இரண்டுக்கும் முட்டுக்கட்டை வைத்திருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்ப்பார். அந்தக் கட்டைகளைக் கருவேல மரத்தில் அவரே செதுக்கியிருந்தார். அக்காதான் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். லாரிக்கு இரண்டு வீதம் எங்களிடம் கொடுத்திருந்தார். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். "சிரிங்கப்பா, சிரிங்க. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்ல" என்பார்.

அது மார்கழி. நான்கு நாள் பெய்த மழை விட்டிருந்தது. வெயில் வந்த பிறகும் கடல் காற்று எலும்பில் இறங்கியது. சுமை தூக்குகிறவர்கள் நனைந்த சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, லோடு ஏற்றிய கையோடு தீ மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலை புகைந்ததே தவிர பிடிக்கவில்லை. மச்சான் சற்றுத் தள்ளி மற்ற இரண்டு லாரிகளைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். என் சீட்டுக்கு அடியில் கட்டைகள் இரண்டும் காய்ந்து கிடந்தன. "இந்தாங்கப்பா, இதப் போடுங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. நானும் உட்கார்ந்து கை காய்ச்சினேன். அந்தச் சூடு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சக்கரங்களுக்கு வரப்போரம் கிடந்த இரண்டு செம்பாறைக் கற்களை வைத்தேன். மச்சான் ஸ்பானரோடு வந்தார்.

"கட்டை வச்சாச்சா மாப்ள?"

"கல்லு வச்சிருக்கேன் மச்சான்."

"கட்டை எங்க?"

"வீட்டுல எறக்கி வச்சது, மறந்துட்டேன்" என்றேன். பொய்தான். அவர் கல்லை உதைத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு எடுத்தாந்துரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். நான் மச்சினன் என்பதால்தான் போனார். வேறு டிரைவராக இருந்தால் போயிருக்க மாட்டார்.

அடியில் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு 'டங்'கென்று ஏதோ அறுந்தது. துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிள். லாரி பள்ளத்துப் பக்கம் இரண்டடி நகர்ந்தது, அவ்வளவுதான். ஈரத்தில் ஊறிய செம்பாறை மண்ணாங்கட்டி போல நொறுங்கியிருந்தது. சக்கரம் அவர் இடுப்பில் ஏறி நின்றது.

எல்லோரும் சேர்ந்து தள்ளி அவரை வெளியே எடுத்தோம். நினைவு இருந்தது. அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போக அந்த லாரியைத் தவிர வேறு வண்டி இல்லை. கேபினில் படுக்கவைத்து, ஒருவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். நான் வேகமாக எடுத்தேன்.

"மாப்ள, கால் பிரேக் ராடும் தேஞ்சு கெடக்கு. இப்பத்தான் பாத்தேன். மெதுவா ஓட்டு" என்றார்.

"பேசாதீங்க மச்சான்."

"ரோட்டுல ஆளுக போறாகப்பா. மெதுவா ஓட்டு."

மெதுவாகத்தான் ஓட்டினேன். அந்தச் சாலையில் மாட்டு வண்டிகளும் சந்தைக்குப் போகிறவர்களும் நிறைந்திருந்தார்கள். அறந்தாங்கி எல்லைக்கு இரண்டு மைல் இருக்கும்போது, மடியில் தாங்கியிருந்தவர் "நிறுத்துங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டிக்கொண்டே போனேன்.

அக்கா அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கட்டை வச்சிருந்தாகளா?"

"வச்சிருந்துச்சுக்கா. சேத்துல வழுக்கிருச்சு" என்றேன்.

உடனிருந்த ஆட்கள் வாய் திறக்கவில்லை. அந்தத் தீயில் அவர்களும் கை காய்ச்சியவர்கள்தானே.

அந்தப் பொய் என்னோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "அவ்வளவு பேசுன மெக்கானிக்கே கட்டை வச்சுத்தான் செத்தாரு, கட்டையாவது மண்ணாவது" என்று டிரைவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு லாரியிலும் கட்டை காணாமல் போயிற்று. புதிதாக வந்த மெக்கானிக் வெறும் ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் புகுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாவது வருடம், அதே மழைக்காலத்தில், அந்த மெக்கானிக்கின் வலது பாதம் சக்கரத்தில் மாட்டியது. கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். நடு மத்தியானம். அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை எரித்தது, கல் வைத்தது, மச்சானிடம் சொன்ன பொய், அவளிடம் சொன்ன பொய்.

திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"மூணு வருசமா நான் அவுகளத்தான் திட்டி வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு, தன் கட்டையச் சரியா வைக்கத் தெரியாமப் போயி எங்கள நடுத்தெருவுல விட்டுட்டாகளேன்னு. தெவசத்தன்னைக்குக்கூட வஞ்சேன். படத்தப் பாத்து வஞ்சேன்டா."

நெல் பானையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உசுரு போனது போச்சு. அவுக பேரையுமில்ல சேத்து எடுத்துட்ட."

அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை என்னை உட்காரச் சொன்னாள். வந்ததும், "உங்க மாமா ஒன்னு சொல்லணுமாம்" என்று இருவரையும் என் முன்னால் நிறுத்தினாள். மறுபடியும் முழுவதையும் சொன்னேன். பெரியவள் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்னவளுக்கு விளங்கவில்லை. "மாமா ஏன் அழுகுறாக?" என்று அம்மாவைக் கேட்டாள்.

மறுநாள் உப்பளத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது டிரைவர்கள் முன்னாலும் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். அடுத்த வாரம் இரண்டு லாரிகளில் புதுக் கட்டைகள் கிடந்தன. மூன்றாவது என்னுடையது. முதலாளி அதை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் லாரி ஓட்டவில்லை.

அக்கா வீட்டுக்குப் போவதை மட்டும் நான் விடவில்லை. மாதம் ஒருமுறை போவேன். இலை போட்டுச் சோறு வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், மோர் கொண்டுவருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள்.