துரையின் குளிப்பு

எங்கள் குடும்பத்தில் முதலாம் பரிசு எடுத்தவர் என்று சொல்ல ஒரேயொருவர்தான் உண்டு. அவர் ஒரு சேவல். நான் ஓட்டப்போட்டியில் நாலாவதாக வந்தவள். பேச்சுப்போட்டியில் பாதி வழியில் மறந்துபோய் மேடையை விட்டு இறங்கி வந்தவள். ஆனாலும் இன்றைக்கும் யாராவது தங்கள் பிள்ளைகளின் கெட்டித்தனத்தை நீட்டி முழக்கத் தொடங்கினால், பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு எங்கள் சேவலின் கதையை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை.

சேவலின் பெயர் துரை. உரும்பிராயில் அப்படியொரு கோழியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. உடம்பெல்லாம் வெள்ளை. தலையில் கண்ணை மறைக்கிற அளவுக்கு இறகுக் கொண்டை. கால்விரல் வரைக்கும் இறகு வளர்ந்து, நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு நடப்பவன் மாதிரி நடப்பான். நெல்லியடியில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போன அண்ணை, குஞ்சாக இருந்தவனைச் சேர்ட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வல்லை வெளிக் காற்றுக்குள்ளால் சைக்கிள் மிதித்துக் கொண்டுவந்தார். பெயரும் அவர் வைத்ததுதான். வெள்ளையாக இருக்கிறான், ஒரு வேலையும் செய்யமாட்டான், ஆகவே துரை.

அண்ணை அந்த மாசி மாதம் கிளாலிக் கடலால் படகேறிக் கொழும்புக்குப் போனார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, “துரையைப் பாத்துக்கொள்ளடி” என்றார். பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. கேட்டால், தபால் சுணங்குகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்குப் பத்து வயது. தபால் சுணங்கினால் சுணங்கட்டும், துரைக்கு நான்தான் பொறுப்பு என்ற எடுப்பில் திரிந்தேன்.

ஐயா, அதாவது என் தகப்பனார், வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டக்காரர். எதையும் பயன் பார்த்துத்தான் வைத்திருப்பார். யுத்தத்தால் தீன் கிடைக்காத காலம் அது. மனிதருக்கே அரிசியை அளந்து போட்டோம். ஆடிப்பிறப்புக் கழிந்த ஒருநாள் துரையைப் பார்த்து அவர் தீர்ப்புச் சொன்னார்: “உது முட்டையும் இடாது, சண்டையும் பிடியாது. சும்மா நிண்டு தின்னுது. சட்டியிலை போடுவம்.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வளவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் துரையைக் காப்பாற்றியவர் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு ஆவணியில் தோட்டக் கண்காட்சி வைக்கப்போகிறார்கள், அதில் வடிவான கோழிக்கும் போட்டி உண்டு என்ற சேதியை அவர்தான் கொண்டுவந்தார். ஐயா கொஞ்சம் யோசித்தார். “பரிசு எடுத்தால் நிக்கட்டும். எடுக்காட்டி அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கறி” என்றார். ஐயா சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து மாமாவும் நானும் துரையின் அலங்காரத்தில் இறங்கினோம். மாமா கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டியவர், எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு ஊருக்குத் திரும்பியவர். அந்த வீட்டு அம்மையார் போட்டிக் கோழிகள் வளர்த்தாராம். கோழிகளைக் காரின் பின் சீற்றில் ஏற்றிக் கொண்டுபோன அனுபவத்தை மாமா கோழி வளர்த்த அனுபவமாகவே எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு மாதம் முழுக்கத் துரையை மேசையில் நிற்கப் பழக்கினோம். போட்டிக் கோழி மேசையில் ஏற்றினால் பறந்து ஓடக்கூடாது, நெஞ்சை நிமிர்த்தி நிற்கவேண்டும். ஈர்க்கால் மெதுவாக நெஞ்சைத் தட்டித் தட்டி மாமா பழக்கினார். நான் பழைய பல்துலக்கும் பிறஷ்ஷால் காற்செதிலில் இருந்த ஊத்தையைத் தேய்த்து எடுத்தேன். நகத்தைக் கத்தி தீட்டுகிற கல்லில் மெல்ல உரசினோம். அலகுக்கும் காலுக்கும் தேங்காயெண்ணெய் பூசினோம். கொண்டையை என் சீப்பால் வாரிவிட்டேன். அம்மா கண்டிருந்தால் அந்தச் சீப்பால் எனக்குத்தான் விழுந்திருக்கும். ஆனால் அம்மா இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதங்களில் அவர் எதையும் பெரிதாகப் பார்க்கவில்லை.

எல்லாம் சரி, குளிப்பாட்டுவது எப்படி? சவர்க்காரம் யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கத்தின் தடை. கள்ளமாக வந்தது கடையில் யானை விலை. ஊரே பனம்பழத்தைப் பிசைந்து அந்த நுரையில்தான் உடுப்புத் தோய்த்தது. தோய்த்த உடுப்பிலிருந்து இனிப்பு மணம் போகாது. கொடியில் காய்ந்த ஐயாவின் வேட்டியில் முக்கால் முழத்தை எங்கள் மாடு ஒருநாள் சப்பி முடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பே ஒரு பனங்கூடல் மாதிரி மணக்கும்.

“உடுப்பு வெளுக்குது எண்டால் கோழி வெளுக்காதோ?” என்றார் மாமா.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழக்கிழமை காலையில் நன்றாகப் பழுத்த இரண்டு பனம்பழத்தைப் பேசினுக்குள் பிசைந்து துரையை அதற்குள் இறக்கினோம். நுரை என்னவோ அருமையாக வந்தது. துரையும் கண்ணை மூடிக்கொண்டு ராசா மாதிரி இருந்தான். வெயிலில் காயவைத்த பிறகுதான் விசயம் தெரிந்தது. பனங்களி இறகெல்லாம் பிடித்துக் காய்ந்து, துரை பழுத்த மஞ்சளாகிவிட்டான். போதாக்குறைக்கு எறும்பு மொய்த்தது. மாடு வேறு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவனை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனது.

நான் அழத் தொடங்கினேன். மாமா கலங்கவில்லை. வேட்டி மஞ்சளித்தால் என்ன செய்கிறோம், நீலம் போடுகிறோம். நீலம் போட்டால் வேட்டி பளிச்சென்று வருகிறது. ஆகவே துரைக்கும் நீலம் போடவேண்டும் என்று எனக்கு விளக்கினார். அசைக்கமுடியாத நியாயம். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாமா தன் வீட்டு நீலப் போத்தலின் அடியில் கிடந்ததை வழித்து வாளித் தண்ணீரில் கரைத்தார். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. துரையை மூன்று முறை முக்கி எடுத்தோம்.

மஞ்சளில் நீலம் விழுந்தால் என்ன வரும் என்று சித்திரப் பாடத்தில் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். ஆனால் அது பேப்பரில் வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்! கிணற்றடியில் சொட்டச் சொட்ட நின்ற துரை பச்சை. நல்ல கிளிப்பச்சை.

தோட்டத்தால் வந்த ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார். “கிளிக்குப் போட்டி வைச்சாச் சொல்லுங்கோ, இவனைக் கொண்டுபோவம்” என்றார். பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா தலையைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டு நிலத்தில் விழுந்து புரண்டேன். ஞாயிற்றுக்கிழமை துரை கறி. அண்ணை வந்து துரை எங்கேயென்று கேட்டால் என்ன சொல்வேன்?

அப்போதுதான் அம்மா கிணற்றடிக்கு வந்தார். விழப்போகிறது அடி என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, துரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கனநேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். அறைக்குள் றங்குப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் அண்ணையின் பச்சை மூடிச் சவர்க்காரப் பெட்டி இருந்தது. அண்ணை போன அன்று விடிய, கிணற்றடியில் குளித்துவிட்டு வைத்துவிட்டுப் போனது. அதற்குள் பாதி தேய்ந்த வாசச் சவர்க்காரம். பெட்டியைத் திறந்ததும் அண்ணை குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிற நேரத்து மணம் வந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பனங்களி மணத்தோடு நான் பள்ளிக்கூடம் போகிறேன், இவர் என்னவென்றால் ஆறு மாதமாக அரைக்கட்டிச் சவர்க்காரத்தைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்! இந்த அம்மாவைப்போல ஒரு உலோபியை நான் கண்டதில்லை.

நனைக்க முன் அம்மா சவர்க்காரத்தை மூக்கருகே கொண்டுபோனார். கெட்டுப்போய்விட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“தண்ணியைச் சுடவை, பிள்ளை. அழாதை. நீ அழுதால் கோழி வெளுக்குமே?” என்றார்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்து துரையைக் குளிப்பாட்டினார். சின்னப் பிள்ளையைக் கழுவுவதுபோல, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இறகு படிந்த பக்கமாகவே தடவித் தடவித் தேய்த்தார். முதல் தண்ணீர் பச்சையாக ஓடியது. இரண்டாவது மஞ்சளாக ஓடியது. நாலாவது வாளியிலும் கொஞ்சம் சாயம் இருந்தது. சவர்க்காரம் கரைந்து கரைந்து மெல்லிசாகிக்கொண்டு வந்தது.

மாமா எப்போதும் உரத்துக் கதைக்கிறவர். அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, “அக்கா, முழுக்கவுமோ? கொஞ்சம் எண்டாலும் வையுங்கோவன்” என்றார்.

“போட்டால்தான் வெளுக்கும்” என்றார் அம்மா. கை நிற்கவில்லை. “உவனாவது வீட்டிலை நிக்கட்டும்.”

 மாமா எழுந்துபோய்த் தானே தண்ணீர் அள்ளித் தந்தார். கடைசியில் அம்மா தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சவர்க்காரச் சீவலைத் துரையின் கொண்டையில் தேய்த்து முடித்தார். பெட்டி வெறுமையானது. அண்ணையின் பழைய துவாயால் துடைத்து, வெயிலில் வைக்கோல் பரப்பி, கடகத்தைக் கவிழ்த்து மூடி, நான் பக்கத்திலேயே காவல் இருந்தேன். பின்னேரம் கடகத்தைத் தூக்கினேன். அட, என்ர துரை! கண் கூசுகிற வெள்ளை. தன்னையே தான் பார்க்கிறவன்போல அங்குமிங்கும் தலையைத் திருப்பினான்.

சனிக்கிழமை வாசிகசாலை முற்றத்தில் பந்தல் போட்டு, மேசைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து கோழிகள் வந்திருந்தன. எங்களுக்கு எதிரி அரிசி ஆலைக்காரரின் சிவப்புச் சேவல். தவிட்டிலும் குறுணலிலும் வளர்ந்து, ஆட்டுக்குட்டி அளவு கனம். ஆலைக்காரர் துரையின் கொண்டையைப் பார்த்து, “உதென்ன, கோழியோ பூக்கூடையோ?” என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. துரை அசையவில்லை. பழக்கியபடியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

நடுவராக வந்தவர் இளைப்பாறிய மிருக வைத்தியர். சிரிக்கத் தெரியாதவர். ஒவ்வொரு கோழியாகக் கண்ணைப் பார்த்து, காலைப் பார்த்து, இறகை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். சிவப்புச் சேவலை மேசையில் ஏற்றியபோது அது செட்டை அடித்து அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. அடுத்தது நாங்கள். அவர் துரையின் செட்டையைத் தூக்கினார். உள்பக்கத்தில், அம்மாவின் கைக்கும் தப்பி, ஒரே ஒரு இறகு பச்சையாக இருந்தது. 

நடுவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம் குனிந்து, துரையின் முதுகில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோய் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

“பிள்ளை, சவுக்காரம் போட்டனீங்களோ?”

“ஓம் சேர்.”

“வாசச் சவுக்காரமோ?”

“ஓம் சேர். முழுக்கப் போட்டது.”

அவ்வளவுதான். பந்தலில் நின்ற சனம் முழுக்க எங்கள் மேசையைச் சூழ்ந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து மணக்கவிட்டார்கள். ஒரு கிழவர் இரண்டாந்தரமும் வரிசையில் வந்து மணந்தார். ஆலைக்காரரே பின்னால் நின்று எட்டி எட்டி மூக்கை நீட்டியதை என் கண்ணால் கண்டேன். நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இந்தப் பந்தலுக்குள்ளை மனிசர் உட்பட ஒழுங்காய்க் குளிச்சுப்போட்டு வந்த ஆள் இவர் ஒருத்தர்தான்” என்றார். சனம் ஆரவாரித்தது. முதலாம் பரிசு! கழுத்தில் சிவப்பு றிபன், எனக்கு ஒரு சில்வர் வாளி.

வீடு திரும்பிய ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். துரை இருந்த கடகத்தை ஐயா தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். சட்டியில் போடச் சொன்ன அதே ஐயா, வழியில் கண்டவர்களை எல்லாம் மறித்து, “எங்கடை சேவல், முதலாம் பரிசு” என்றார். மாமா வாளியில் தாளம் தட்டிக்கொண்டு வந்தார். பனம்பழமும் நீலமும் தன்னுடைய திட்டத்தின் முதற் கட்டங்கள் என்று அதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் முன்னால் நடந்தேன். அவ்வளவு நிமிர்ந்து அதற்குப் பிறகு நான் நடந்ததில்லை.

ஐப்பசியில் அண்ணையின் கடிதம் வந்தது. கிளாலியால் தப்பிக் கரை சேர்ந்திருந்தார். இப்போது கனடாவில் வழுக்கைத் தலையோடு இருக்கிறார். துரையும் வயது போய்த் தானாகத்தான் செத்தான். ஆனால் ஆவணியில் இதொன்றும் எங்களுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் கிளாலியில் படகு ஏறியவர்களில் எத்தனையோ பேர் கடற்படையின் சூட்டில் கரை சேரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் ஊர்வலம் படலைக்குள் நுழைந்தபோது அம்மா வாசலில் நின்றார். நான் வாளியை உயர்த்திக் காட்டினேன். அவர் வாளியைப் பார்க்கவில்லை. கடகத்திலிருந்து துரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்தார். அவன் கழுத்து இறகுக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்து இழுத்து அப்படியே இருந்தார். ஐயா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா தாளத்தை நிறுத்திவிட்டார்.

ஒருநாளும் துரையைத் தொட்டும் பாராத அம்மா இப்படிக் கொஞ்சுகிறாரே, பரிசு எடுத்தால் எல்லாருக்கும்தான் பாசம் வரும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, நான் வாளியில் தண்ணீர் அள்ளிப் பார்க்கக் கிணற்றடிக்கு ஓடினேன்.