கேப்டனின் கைக்குட்டை

நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை ஒன்று என் பீரோவில் வெகுகாலம் இருந்தது. வெளுத்து, ஓரம் நைந்து, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத துணி. "இந்தக் கந்தலையா இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம், அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பேன். அது என்னுடையதல்ல, என் கேப்டனுடையது.

திருப்பரங்குன்றம் பக்கம் சம்பளத்துக்கு ஆடும் கபடி அணி ஒன்றில் சேர்ந்தேன். எழுமலைக்கு அருகே, பிறர் வயலில் கூலிக்குப் போகிறவர்களின் தெரு எங்களுடையது. அங்கிருந்து அந்த அணிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். கபடி கபடி என்று பாடி வருகிறவனை மடக்க, காத்து நிற்பவர்கள் ஜோடி ஜோடியாகக் கை கோத்துக்கொள்வது வழக்கம். எனக்கு ஜோடி கேப்டன். முதல் நாளே, இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டுதான் என் கையைப் பிடித்தார். "கை வேர்க்குது மாப்ள, வழுக்கும்" என்றார். நம்பினேன். பிறகுதான் கவனித்தேன், வேறு யாரோடு ஜோடி சேர்ந்தாலும் அவருக்கு வேர்க்கவில்லை. நான் இடப்பக்கம் நின்றால் இடக்கையில் சுற்றுவார், வலப்பக்கம் மாறினால் கைக்குட்டையும் மாறும். வாயில் மாப்ள, கையில் துணி. அணியில் எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவர்கள்மேல் வந்த கோபமும் குறைந்ததல்ல. கோச்சிடம் சொன்னேன். "ஆட்டத்தப் பாருடா, துணியப் பாக்காத" என்றார். சரி, ஆட்டத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

வாய்ப்பு கேப்டனின் சொந்த ஊரிலேயே வந்தது. இறுதி ஆட்டம். அவருடைய சொந்தபந்தம் முழுக்க மாலையோடு வந்திருந்தது. நாங்கள் முன்னிலையில் இருந்த கடைசிக் கட்டத்தில், எதிரணிக்காரன் ஒருவன் அவரைத் தொட்டுவிட்டுத் தப்பினான். அவுட்டானவர் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும், நம் அணி ஒரு புள்ளி எடுத்தால்தான் திரும்ப உள்ளே வரலாம். பாடப் போகிறவன் நான். "மாப்ள, ஒருத்தனத் தொட்டுட்டு வாடா, நான் உள்ள வந்துருவேன்" என்று கத்தினார். போனேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் தடுமாறி நின்றான். அவனைத் தொடாமல் திரும்பினேன். மறுபடி போய், மறுபடி சும்மா வந்தேன். முன்னிலையில் இருப்பவன் நேரத்தைக் கரைப்பது தப்பில்லை, யாரும் என்னைக் கேட்க முடியாது. அவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. விசில் ஊதி நாங்கள் ஜெயித்தபோது, ஊரே பார்க்க, அவர் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தார். கைக்குட்டையைத் தரையில் அடித்துவிட்டுப் போனார். நான் பொறுக்கிக்கொண்டேன். செய்ததற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சொல்லப்போனால், அது எனக்குப் போதவுமில்லை.

போன மாதம் மதுரையில் எங்கள் பழைய அணிக்குப் பாராட்டு விழா. அழைப்பு வந்த அன்றே கைக்குட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். மேடையில் கேப்டன், "எங்க டீம்ல சாதியாவது ஒண்ணாவது! எல்லாரும் ஒருதாய்ப் பிள்ளைகளாத்தான் இருந்தோம்" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது, அதுவும் அந்தக் கைதட்டலோடு போயிற்று. புகைப்படக்காரர் எங்களை அந்தக் காலம் போலக் கை கோத்து நிற்கச் சொன்னார். கேப்டன் என்னைத் தேடி வந்து பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் தெரியும்படி வெறுங்கையை நீட்டினார். இந்தக் கைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அதை அப்படியே நிற்கவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, என் உள்ளங்கையில் நிதானமாகச் சுற்றினேன். நீலக் கரை அவருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் செத்துப்போனது.

"கை வேர்க்குதுண்ணே, வழுக்கும்" என்று சொல்லிப் பிடித்தேன். எதிரே அத்தனை செல்போன்கள் நீண்டிருக்க, அவரால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. படம் எடுத்து முடிந்ததும் கைக்குட்டையை மடித்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு இறங்கினேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பீரோவை ஒழுங்குபடுத்திய என் மனைவி, "அந்தத் துணி எங்கங்க?" என்றாள்.

"யாருதோ, அவர்ட்டயே குடுத்துட்டேன்" என்றேன்.