முகத்துவாரத்தில் காத்திருப்பவர்கள்

காலை 7.40. வண்ணாரப்பேட்டை மெட்ரோவின் நகரும் படியில் இறங்கும்போது என் பையில் ஒரு புத்தகம் இருந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் எழுதிய காவியத்தின் தமிழாக்கம். செத்தவர்கள் போகும் இடங்களையெல்லாம் உயிரோடு சுற்றி வந்த ஒருவனின் கதை. ராயபுரத்தில் இருக்கும் என் பைண்டிங் கடையில் தைக்கக் கொடுத்தவர் வாங்க வரவே இல்லை. சும்மா புரட்டப்போய் மாட்டிக்கொண்டேன்.

இன்னொரு சுமையும் இருந்தது. என் அண்ணன் கடலுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. படகு கவிழ்ந்ததில் மற்ற மூவரும் கரை சேர்ந்தார்கள். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காதவருக்குக் காரியம் செய்ய மாட்டேன் என்று அண்ணி பிடிவாதமாக இருக்கிறாள். அவளிடம் சம்மதம் வாங்கிவர அம்மா என்னை அனுப்பியிருந்தாள். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் எங்கள் வீட்டில் இளிச்சவாயன் நான்தான்.

விம்கோ நகருக்கு டிக்கெட் முப்பது ரூபாய். காவியத்தின் முதல் பாகம் முழுக்கப் பூமிக்கடியில் நடக்கிறது. தண்டையார்பேட்டை தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியபோது நானும் இரண்டாம் பாகத்துக்கு ஏறியிருந்தேன். வலப்பக்கம் மொட்டை மாடிகள், கண்டெய்னர்கள், அதற்கப்பால் கோடு மாதிரி கடல். எல்லாம் அரைத்தூக்கத்தில் பார்ப்பதுபோல் மிதந்து போயின. எது கதை, எது ஜன்னல் என்று சில நிமிடங்கள் பிடிபடவில்லை.

8.25. விம்கோ நகரில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்னா நைனா, பரீச்சையா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. செத்தப்புறம் எங்க போறதுன்னு படிக்கிறேன்."

"அதுக்கு இன்னாத்துக்கு புக்கு? இந்த லாரிங்க பின்னாடி ஒரு வாரம் ஆட்டோ ஓட்டு, தானா தெரியும்."

9.10. முகத்துவாரக்குப்பம், அண்ணன் வீடு. கழிமுகத்துக்கு அக்கரையில் புகைபோக்கிகள் பனியில் பாதி கரைந்து நின்றன. அண்ணி டீ கொடுத்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. வந்த விஷயத்தை ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது குமார் வந்தான். அண்ணனோடு படகில் போனவன், பிழைத்தவன். "அண்ணனோட கறி மீனு" என்று நான்கு சங்கராவை வாசலில் வைத்தான். படகில் போகும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் ஒதுக்குவது இவர்கள் வழக்கம். காரியம் ஆகும்வரை அண்ணனும் அந்தப் படகின் ஆள்தான். ஆன மறுநாள் மீன் வராது. அவள் ஏன் மறுக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அது இன்னா புக்கு தம்பி?" என்றாள் அண்ணி.

சொன்னேன். செத்தவர்கள் ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் கூடி நிற்கிறார்கள். துடுப்பும் பாயும் இல்லாத படகில் சிறகுள்ள ஒருவன் வந்து ஏற்றிப்போகிறான். எல்லோரையும் உடனே ஏற்றுவதில்லை. சிலரைப் பலமுறை கரையிலேயே விட்டுவிடுகிறான்.

அண்ணி கழிமுகத்தைப் பார்த்தாள். "வேணும்னு வுட்டுட்டுப் போவ மாட்டான் தம்பி. ஆத்து வாயில மண்ணு மூடிகினு கீது. தண்ணி ஏறினாத்தான் படகு போவும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "எப்போ ஏறும்னு அதுல போட்டுகீதா?"

இங்கே இருப்பவர்கள் அவர்களுக்காக வேண்டிக்கொண்டால் காத்திருப்பது குறையும் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். சத்தியமாக நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான், காரியமும் அப்படி ஒரு வேண்டுதல்தானே, வந்த வேலையைப் புத்தகம் முடித்துவிட்டது என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவள் வாசலிலிருந்த மீன்களை எடுத்து ஒரு பையில் போட்டாள். பிறகு மீன் பையை என்னிடம் நீட்டினாள். "அம்மாக்குக் குடு. வர்ற வெள்ளிக்கெழம வச்சிக்கலாம்னு சொல்லு." வாசல் பக்கம் திரும்பி, "குமாரு, நாளிக்கு எடுத்து வெக்காத" என்றாள்.

குமார் தலையாட்டவில்லை. போகவும் இல்லை.

பகல் 12.30. ராயபுரம். பையில் மீன் தண்ணீர் கசிந்து, புத்தகத்தில் முகத்துவாரம் வரும் பக்கம் நனைந்திருந்தது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காத கப்பல்கள் வெளியே நிற்பது தெரியும். தினமும் பார்ப்பதுதான். இன்று மூன்று நின்றன.

அம்மா குழம்பு வைத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நான் அழுதேன், அழுதுகொண்டே சாப்பிட்டேன். அண்ணனின் மீன். உப்பு சரியாக இருந்தது.