இலை எடுத்தவள்

விமானத்தில் ஒரு பெண் குனிந்து என் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். மிச்சமிருந்த சாம்பார் வாடை மூக்கில் ஏறியதும் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசல் பந்தல் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் பி.ஏ. முடித்ததும் ஏர் ஹோஸ்டஸ் வேலைக்கு மனுப் போடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"கண்டவன் எச்சில் தட்டை எடுக்கவா உன்ன படிக்க வெச்சேன்?" என்றார்.

எனக்கு எரிந்தது. வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வரும் ஜனங்களுக்கு அந்தப் பந்தலில்தான் சோறு போடுவோம். ரசம் ஒழுகும் இலைகளை நான்தான் கூடையில் அள்ளுவேன். தாவணியெல்லாம் புளித்த மோர் நாறும். அப்பா பார்த்துப் பூரித்துப்போவார்.

"அதுவும் கண்டவங்க எச்சில்தானேப்பா?"

"அது புண்ணியம்டி. சம்பளத்துக்குச் செஞ்சா வேலைக்காரி பொழப்பு."

"அப்ப நீங்க ஆபீஸ்ல வாங்கறது என்னாப்பா?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு."

அதோடு பேச்சு முடிந்தது. மனுப் போடவே இல்லை. அந்த வருஷ தீபத்துக்கும் இலை எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் போனேன். எல்லா இலையையும் எடுத்தேன்.

தட்டு எடுத்த பெண் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு இலை எடுக்க மாட்டேன் என்று ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.